வெடுக்கு

இரும்புக் கொட்டகையில் நாளொன்றுக்கு நூறு தடவையாவது காதில் விழும் சொல் ஒன்று உண்டு: வெடுக்கு. கிரேன் தூக்கிப்போகும் இரும்பு உத்தரம் நடுவழியில் ஒரு துள்ளு துள்ளினால் அது வெடுக்கு. கண்ணருகே பொறி பறந்து வெல்டர் தலையை இழுத்துக்கொண்டால் அதுவும் வெடுக்கு. லாரி கிளம்பும்போது குலுங்கினால் வெடுக்கு. தூக்கத்தில் படியிலிருந்து விழுவதுபோல் உடம்பு தூக்கிப்போட்டால் வெடுக்கு. கேட்ட கேள்விக்கு ஸ்டோர்காரர் சுள்ளென்று பதில் சொன்னால் அவருக்கு வெடுக்கு வந்துவிட்டது என்று பொருள். புதிதாகக் கல்யாணமானவன் வீட்டிலிருந்து போன் வந்ததும் எழுந்து ஓடினால் அதற்கும் அதே பெயர்தான். நல்ல சொல் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதைச் சும்மா விடுவார்களா?

அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நேற்றுச் சேர்ந்தவன்கூட, கூரையை ஒட்டித் தொங்கும் கிரேன் கூண்டைக் கைகாட்டுவான்.

"முன்னாடி ஒரு ஆபரேட்டர் இருந்தாராம். கை அப்பப்ப வெடுக் வெடுக்குன்னு இழுக்குமாம். வியாதியை மறைச்சு கிரேன் ஓட்டி, கீழ நின்ன ஆளைக் கொன்னுட்டாரு. அவரு பேருதான் வெடுக்கு. இப்பவும் ஒம்பதாம் தூண்கிட்ட போனா கிரேனைப் பிடிச்சு ஆட்டுறாரு."

சொல்கிறவன் சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிப்பான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பக்கத்தில் உட்கார்ந்து அதே கெட்டில் டீயைக் குடித்துக்கொண்டிருப்பவள் அந்த ஆபரேட்டரின் மகள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அப்பா செத்துப்போய்விட்டதாகவே கொட்டகை முடிவு செய்துவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதரைப் பேயாக்க இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை மூடிக்கொண்டு முப்பத்திரண்டு படி ஏறிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள்.

வந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் அவளுக்கு 'மாடிவீட்டுக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மாடிவீட்டம்மா, மேல மழை வருதா?" என்று கொட்டகையின் பழைய வெல்டர் தினமும் கீழேயிருந்து கத்துவார். தினமும் அவரே சிரிப்பார். அவள் வேறொரு கம்பெனியில் கிரேன் ஓட்டக் கற்று, ஐந்து வருஷம் ஓட்டி, நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். இந்தக் கூண்டில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு ஒன்பது வயதில், அப்பா இந்த நாற்காலியில் இருந்தார். கீழே நின்று கையசைத்து வழிகாட்டும் சிக்னல்காரர் வேறு யாருமில்லை, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். இருவரும் மாமன் மச்சான் என்பதைவிட ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்போல இருந்தார்கள். ஒருநாள் காலை ஒன்பதாம் தூணுக்குப் பக்கத்தில் உத்தரம் வெட்டி ஆடியது. சங்கிலி நழுவியது. மாமா அதன் கீழே இருந்தார். அப்பா அலறிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கும்போது கால் தவறித் தலைகீழாக விழுந்தார். பிழைத்தார். ஆனால் அந்த வருஷமே அவர் தலையிலிருந்து அழிந்துபோயிற்று. பேச்சு பாதி போயிற்று. வலது கை இழுக்க ஆரம்பித்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஈரத்துணி உடுத்தி, அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டார்கள்: "அவருக்கு முன்னாடியே கை கால் இழுக்குமா?" அம்மா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி. "தூக்கத்துல உதறுவாரு," என்றாள். உலகத்தில் தூக்கத்தில் உதறாத மனிதன் யார் ஐயா? ஆனால் எழுதிக்கொண்டார்கள். கூண்டில் ஆபரேட்டருக்கு வலிப்பு வந்து கை இழுத்தது, அதனால் விபத்து என்று முடித்துவிட்டார்கள். கிரேனில் குறை எதுவும் இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் நேராகப் பேசுவதில்லை. குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், துணி மாற்றுவாள், ஒரு குறையும் வைக்கமாட்டாள். பேச்சு மட்டும் ஜாடையில்தான். மகள் இருந்தால் "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு." இல்லாவிட்டால் டம்ளரிடம் "டீ ஆறுது." கதவிடம் "வெயில் வருது, கட்டிலைத் தள்ளிப் போடணும்." அந்த வீட்டுக் கதவும் டம்ளரும் பதினெட்டு வருஷத்தில் கேட்ட பேச்சில் பாதிகூட அந்த மனிதர் கேட்டிருக்கமாட்டார்.

அப்பா இரும்புக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கால்மணிக்கு ஒருமுறை கை இழுக்கும். வலது தோள் காதருகே ஏறும், முழங்கை பின்னால் வெட்டும், தலை இடப்பக்கம் திரும்பும். கட்டில் கிறீச்சிடும். அவரிடம் மிஞ்சியிருந்த நாற்பது ஐம்பது வார்த்தைகளில் ஒரு கேள்வி மட்டும் முழுசாக இருந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது மகளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்பார்:

"நானா? அதுவா?"

அவர் கை முதலில் ஆடியதா, கிரேன் முதலில் ஆடியதா? அவருக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் செத்துப்போனார். இந்த வருஷம் அப்பாவுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "பக்கத்துலயே இருந்துக்கோங்க," என்றார். அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். பதில் தெரியாமல் அவரைப் போகவிடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான், அடுத்த வாரம் இந்தக் கொட்டகையில் வேலை கேட்டு நின்றாள்.

கூண்டு ஒரு குளியலறை அளவுதான். நாற்காலியின் வலதுகைப் பலகையில் பச்சைப் பெயின்ட் ஒரு முழங்கை அளவுக்குத் தேய்ந்து வெள்ளை இரும்பாகியிருந்தது. அவள் முழங்கையை அங்கே வைத்தால் பொருந்தவில்லை. அவளுடையதைவிட நீளமான கை அது. முதல் நாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் செய்யாமல் இருந்தாள். "என்னம்மா, மேல தூக்கமா?" என்று சிக்னல்காரர் கத்திய பிறகுதான் லீவரைப் பிடித்தாள்.

ஒன்பதாம் தூணுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிரேன் சுமையோடு எட்டாம் தூணைத் தாண்டியதும், கீழே நிற்கிற சிக்னல்காரர் சுத்தியலை எடுத்து ஒன்பதாம் தூணை இரண்டு தட்டு தட்டுவார். டங். டங். வெடுக்கு தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்பாமல் அனுமதி கேட்டுப் போகவேண்டும் என்பது கணக்கு. தூங்குகிறவரைச் சுத்தியலால் தட்டினால் எழுந்துவிடமாட்டாரா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டு கேட்டதும் ஆபரேட்டர் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். நடுவில் இருந்தால் மோட்டார் இழுக்காது, கிரேன் தன் வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டிவிடும். இதையும் பேய்க்கு மரியாதை என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவள் பேயை நம்புகிறவள் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்தாள். கிரேன் ஓடும் தண்டவாளம் அந்தத் தூணின் தலையில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. மோட்டார் இழுக்கும்போது சக்கரம் அதில் விழுந்து ஏறினால் சுமை துள்ளத்தான் செய்யும். ஓடோடிப் போய் அதை வெல்டரிடம் சொன்னாள்.

"அது எல்லாருக்கும் தெரியும்மா. அன்னைக்கு உத்தரம் விழுந்து தூணை இடிச்சுதுல்ல, அதுல சாஞ்சுபோச்சு. பாரு, இடுப்பு உயரத்துல நசுங்கியிருக்கு."

தூண் நசுங்கித்தான் இருந்தது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் எது காக்கா, எது பனம்பழம்? தண்டவாளம் இறங்கியதால் விபத்தா, விபத்தால் தண்டவாளம் இறங்கியதா? மூன்று மாதமாக அவள் அந்தக் கேள்வியின் மேல்தான் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள் சிக்னல்காரருக்குத் தும்மல் வந்து தட்டு தவறிவிட்டது. அவள் லீவரை முன்னுக்குத் தள்ளியபடியே ஒன்பதாம் தூணை எட்டினாள். கூண்டு அடியிலிருந்து உதைத்தது. அவள் கை தானாக லீவரைப் பின்னால் வெட்டி இழுத்தது. தோள் காதருகே ஏறியது. தலை இடப்பக்கம் திரும்பி, கீழே சிக்னல்காரர் நிற்கிறாரா என்று பார்த்தது. நின்றார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. சுமை ஆடி அடங்கியது. அவளுக்கு அடங்கவில்லை. தோள், முழங்கை, தலை. அந்த அசைவை அவள் ஒன்பது வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா பதினெட்டு வருஷமாகக் கட்டிலில் உட்கார்ந்து கிரேனை நிறுத்திக்கொண்டிருக்கிறார். மச்சான் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் டீ டம்ளரைக் கையில் எடுத்தாள். சமையலறைக் கதவு காற்றில் படாரென்று அடித்தது. அவள் வலது கை பின்னால் வெட்டியது. டீ சுவரெல்லாம் தெறித்தது. அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்கப்பா கையே வந்துருச்சேடி உனக்கு!"

"இல்லம்மா, கிரேன்ல பழகிப்போச்சு…"

"பேசாதே. ரத்தத்துல இருக்குடி அது. நாளைக்கே வேலையை விட்டுரு. எங்கண்ணனைக் கொடுத்தது போதாதா? நீயும் ஒருத்தன் உசுரை எடுத்துட்டு இன்னொரு கட்டில்ல வந்து உக்காரப்போறியா?"

கட்டிலில் அப்பா இருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மகளின் ஈரக்கையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. "நான்தான்," என்றார் மெதுவாக. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அது கேள்வியாக இல்லை.

அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. அதற்குப் பிறகு அப்பா கேட்கவே இல்லை. கை மட்டும் கால்மணிக்கு ஒருமுறை இழுத்தது. கட்டில் கிறீச்சிடும் சத்தத்தில் அவளுக்குத் தூக்கிப்போட்டது. இது உண்மையிலேயே ரத்தத்தில் இருக்கிறதோ என்று அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. கூண்டில் லீவரைப் பிடிக்கும்போது தன் கையைத் தானே சந்தேகமாகப் பார்த்தாள். மூன்றாவது மாதம் முடிய நாலு நாள் இருந்தது. முடிந்ததும் போய்விடுவது என்று எழுதிக்கொடுக்கக் காகிதம்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் எல்லாரையும் கூப்பிட்டார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாலும் அவர்தான் சூப்பர்வைசர். அப்போது தலை நிறைய முடி இருந்தது, இப்போது நெஞ்சு நிறைய அட்டை தொங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதென்றால் அவர் எப்போதும் எதிர்ப்பக்கச் சுவரோரமாகவே சுற்றிப் போவார். ஒன்பதாம் தூண் பக்கம் அவர் போய் அவள் பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலையில வெளியில இருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க," என்றார். "எல்லாரும் ஹெல்மெட், பூட்ஸ். தரையில எண்ணெய் இருக்கக்கூடாது. அப்புறம் ஒண்ணு. இந்தத் தூணைத் தட்டுற கூத்து நாளைக்கு வேண்டாம். படிச்சவங்க பாத்தா சிரிப்பாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் பக்கத்தில் நின்ற வெல்டர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தனக்குள் முணுமுணுத்தார்: "அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவளுக்குக் கேட்டது. முதலில் அது சும்மா ஒரு புலம்பலாகத்தான் காதில் விழுந்தது. சூப்பர்வைசரைத் திட்டாத வெல்டர் எங்கே இருக்கிறார்? வீட்டுக்குப் போனாள், சாப்பிட்டாள், அப்பாவுக்கு முதுகு தேய்த்துவிட்டாள். விடிகாலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது. அன்னைக்கும் என்றால் என்றைக்கு? மாமா செத்த அன்றைக்கா?

அன்று காலை பத்து மணிக்கு வெள்ளை ஹெல்மெட் போட்ட ஆறு பேர் மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் அவர்களுக்கு விசிறாத குறைதான். அவள் மேலே. கீழே சங்கிலியில் ஒன்பது மீட்டர் உத்தரம். கொட்டகை எல்லாம் சுத்தமாகக் கழுவி, ஈரத் தரை பளபளத்தது. ஐந்தாம் தூண், ஆறு, ஏழு. சிக்னல்காரர் வெறுங்கையோடு ஒன்பதாம் தூணுக்கு அருகே நின்று, வா வா என்று கையசைத்தார். அவர் நின்ற இடம் மாமா நின்ற இடம்.

அவள் எட்டாம் தூணில் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தாள். பிரேக்கை மிதித்தாள். உத்தரம் மெல்ல ஆடி நின்றது.

"என்னம்மா, என்னாச்சு?" சூப்பர்வைசரின் குரல் வாக்கிடாக்கியில் கரகரத்தது. கீழே எல்லார் இடுப்பிலும் வாக்கிடாக்கி இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே குரல்.

"தூணைத் தட்டச் சொல்லுங்க சார்."

"நேத்துதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? பேய் பிசாசுன்னு நீயுமா? வண்டியை எடு."

"நான் பேயைக் கேக்கலை சார். ஒரு சந்தேகம் கேக்கிறேன். தூணைத் தட்ட ஆரம்பிச்சது யாரு?"

கீழே ஆறு வெள்ளை ஹெல்மெட்டும் மேலே நிமிர்ந்தன.

"பேய்க்காகத் தட்டுறதுன்னா ஆள் செத்த பிறகுதானே ஆரம்பிச்சிருக்கணும்? அந்த ஆள் சாகுற அன்னைக்குக் காலையிலயே, தட்டாதேன்னு நீங்க சொன்னீங்களாமே. அப்போ உயிரோட இருக்கும்போதே தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. அது யாருக்கு சார்? எதுக்கு?"

லீவரைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கவில்லை. அதை அவளே கவனித்தாள்.

"நீ யாரும்மா இதையெல்லாம் கேக்க?" என்றார் சூப்பர்வைசர்.

"வெடுக்கோட பொண்ணு சார்."

கொட்டகையில் அரைக்கும் எந்திரம் ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் அதை நிறுத்தினார்கள். வெல்டர் முகக்கவசத்தைத் தூக்கித் தலைமேல் விட்டுக்கொண்டு எழுந்தார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சுத்தியலை எடுத்தார். சூப்பர்வைசரைத் தாண்டி நடந்தார். போகும்போது அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் தூணுக்குப் போய், சிக்னல்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஓங்கித் தட்டினார்.

டங். டங்.

அவள் பிரேக்கை விட்டு, ஒரு தள்ளு தள்ளி, லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தாள். கிரேன் வழுக்கிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டியது. உத்தரம் தொட்டில் அளவுகூட ஆடவில்லை. கீழே இறக்கிவைத்துவிட்டு, முப்பத்திரண்டு படியையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இறங்கினாள்.

ஏணியடியில் வெல்டர் நின்றார். மழை பற்றி இன்று கேட்கவில்லை.

"நான் சேர்ந்து நாலாவது நாளும்மா அது," என்றார். "புதுசு. ஒண்ணும் தெரியாது. தூண் நசுங்கினதுதான் அன்னைக்கு. அதுக்கு முந்தின மழையிலயே அது இறங்கியிருந்துச்சு போல. உங்கப்பா எழுதி எழுதிக் கொடுத்தாராம், யாரும் பாக்கலை. செத்துப்போனாரே, அந்த சிக்னல்காரர்தான் ஒரு வழி பண்ணார். தூண்கிட்ட வந்ததும் ரெண்டு தட்டு தட்டி, 'மாப்ள, வெடுக்கு வருது, பாத்து!'ன்னு கத்துவாரு. அவர் வெச்ச பேருதாம்மா வெடுக்கு. ஆளுக்கு இல்லை, அந்த இடத்துக்கு."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் இப்படித்தான் ஆளுங்க வந்தாங்க. தட்டாதே, கத்தாதே, கிரேன்ல கோளாறுன்னு நெனச்சுக்குவாங்கன்னு இந்த சூப்பர்வைசர்தான் சொன்னாரு. சிக்னல்காரர் கொஞ்ச நேரம் சுத்தியலைக் கையிலயே வெச்சிருந்தாரு. அப்புறம் கீழ வெச்சாரு. அதை நான் பாத்தேன்." வெல்டர் கையிலிருந்த சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னை யாரும் கேக்கலைம்மா. நானும் சொல்லலை. வேலை போயிரும்னு பயம். அப்புறம் ஆள் மாறிமாறி வந்து, பேய்க்குத்தான் தட்டுறோம்னு பேசிக்கிட்டாங்க. பேசிப்பேசி எனக்கே அப்படித்தான் ஞாபகம் ஆயிருச்சு. நேத்து அவர் வாயைத் திறந்ததும்தான் சுருக்குன்னுச்சு."

அவள் அவரை அடித்திருக்கலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பதினெட்டு வருஷம் போய்விட்டது. அந்த மனிதர் சுத்தியலை இரண்டு கையாலும் ஏந்தி, யாரோ ஒப்படைக்கச் சொன்னதுபோல நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசல் வரைக்கும் ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

அம்மா முற்றத்துக் கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் மகள் வந்து நிற்பதைப் பார்த்ததும், "கை இழுத்துருச்சா?" என்றாள்.

"உள்ளே வாம்மா."

கட்டிலருகே உட்காரவைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். மழை, தூண், தட்டு, மாமா வைத்த பெயர், கீழே வைத்த சுத்தியல். அம்மா ஈரத்துணியை மடியில் வைத்தபடி கேட்டாள். தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது, அவளுக்குத் தெரியவில்லை.

"நான்தானேடி சொன்னேன்," என்றாள் கடைசியில். "தூக்கத்துல உதறுவாருன்னு நான்தானே வாயால சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாங்களே… நான் ஏண்டி அதைச் சொன்னேன்?"

"அப்பா," மகள் கட்டிலில் குனிந்தாள். "அதுதான்பா. நீங்க இல்லை. அதுதான் ஆடுச்சு."

அப்பா அவளைப் பார்த்தார். புரிந்ததா, தெரியவில்லை. சொல் உள்ளே போகிறது, போய்ச் சேரும் இடம் இல்லை. அவர் தோள் மெல்ல ஏற ஆரம்பித்தது. வழக்கமான நேரம் வந்துவிட்டது. முழங்கை பின்னால் போகத் தயாராயிற்று. தலை இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அவளுக்கு என்ன தோன்றியதோ, பையிலிருந்து சுத்தியலை எடுத்துக் கட்டிலின் இரும்புக் காலில் தட்டினாள்.

டங். டங்.

கை நின்றது. பதினெட்டு வருஷத்தில் பாதி வழியில் அந்தக் கை நின்றதே இல்லை. தோள் இறங்கியது. விரல்கள் மடங்கி எதையோ பிடித்தன. பிடித்ததை மெதுவாக, ரொம்பப் பழக்கமாக, நடுவுக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்தன. அவர் தலை மட்டும் இடப்பக்கம் திரும்பித் தரையைப் பார்த்தது. மகளும் அம்மாவும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். அங்கே ஈரத்துணியிலிருந்து ஓடிய தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அப்பா யாரையோ பார்த்துத் தலையாட்டினார்.

"மச்சான் தட்டிட்டான்," என்றார் அப்பா.

அம்மா அழவில்லை. அழுவாள் என்று மகள் எதிர்பார்த்துக் கையை நீட்டியிருந்தாள். அம்மா அதைத் தள்ளிவிட்டாள். கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அவர் தோள் ஏற ஆரம்பித்தது. வியாதி ஒரு தட்டில் போய்விடுமா என்ன? கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழுந்து மகள் கையிலிருந்து சுத்தியலை வாங்கினாள். கட்டில் காலருகே குந்தி, இரண்டு தட்டு தட்டினாள். டம்ளரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணன்தான் தட்டுது. நீங்க மெதுவா போங்க."